ஐயாயிரத்து நாற்பதும் ஒன்றும்

உலகத்தில் எண்களுக்குப் பஞ்சமில்லை. எங்கள் டிரில் மாஸ்டருக்கு அதில் ஒன்றே ஒன்றுதான் தெரியும்: ஐயாயிரத்து நாற்பது. மற்ற எண்கள் எதுவும் அவருக்கு ஒத்துவராது. வயதைக் கேட்டால் மனைவியின் முகத்தைப் பார்ப்பார். சட்டை அளவு கேட்டால் காலரைத் திருப்பிக் காட்டுவார். ஆனால் ஐயாயிரத்து நாற்பதைப் பற்றி மட்டும் வாயைக் கிளறிவிட்டால் போச்சு, அன்றைக்கு வேறு வேலை ஓடாது.

நான் மைக் செட் போடுகிறவன். ஷூ ஆலையின் ஆண்டு விழாவுக்குப் பாட்டுப் போடுவது வருஷா வருஷம் என் பொறுப்பு. மைதானத்துக்கு முன்னால் இரும்புக் குழாய்களைக் கட்டி உயரமாக ஒரு மேடை போடுவார்கள். மாஸ்டர் அதில் கொடிகளோடு நிற்பார்; அவர் காலடியில் நான் ஒயர்களோடு உட்கார்ந்திருப்பேன். ஆகவே நான் சொல்வதில் முக்கால்வாசி மேலேயிருந்து என் கண்ணால் பார்த்தது. பாக்கி, பசைப்பிரிவுப் பெண்கள் சொன்னது. அவர்கள் பொய் சொல்லமாட்டார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

ஆண்டு விழாவில் பேச்சு, பரிசு எல்லாம் உண்டு. அதற்கெல்லாம் யார் வருகிறார்கள்? கூட்டம் கூடுவது அணிவகுப்புக்குத்தான். வெட்டும் பிரிவு, தைக்கும் பிரிவு, அடிப்பாகம் ஒட்டும் பசைப்பிரிவு என்று ஆலையின் எல்லாப் பிரிவுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான பேர் வெள்ளைச் சீருடையில் மைதானத்தில் இறங்குவார்கள். கொடி அசைய அசையப் பூவாக, சக்கரமாக, நட்சத்திரமாக மாறுவார்கள். எதிரே படிக்கட்டு வரிசைகளில் குடும்பங்கள் உட்கார்ந்து, எந்த இதழில் தன் அம்மா, எந்தச் சக்கரத்தில் தன் மாமா என்று கழுத்தை நீட்டித் தேடும்.

மாஸ்டர் ஓட்டப்பந்தயக்காரராக ஆலையின் விளையாட்டுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவர். சேர்ந்த வருஷமே அணிவகுப்பை அவர் தலையில் கட்டினார்கள். எத்தனை பேர் என்று கேட்டதற்கு மேலிடம் ‘ஐயாயிரம்’ என்றது. பார்க்க லட்சணமான எண். பின்னால் மூன்று பூஜ்யம். மாஸ்டரும் தலையாட்டிவிட்டார். இரண்டாக, நான்காக, ஐந்தாக, எட்டாக, பத்தாகப் பிரிகிறவரை ஐயாயிரம் சொன்ன பேச்சைக் கேட்டது. ஏழு இதழ்ப் பூ வந்ததும் கழுத்தை அறுத்தது. இதழுக்கு எழுநூற்றுப் பதினான்கு பேர் போக, இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

பூ மலர்ந்து நிற்க, அந்த இரண்டு பேரும் நடு மைதானத்தில் இடம் தேடி ஓடினார்கள். படிக்கட்டு முழுக்கச் சிரித்தது. எவனோ விசிலடித்தான். ஒருவர் தைக்கும் பிரிவு; அவரும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொண்டே வெளியே ஓடிவிட்டார். இன்னொருவர் பசைப்பிரிவு. அவர் வெளியே போகவில்லை. எந்த இதழிலாவது ஒரு ஆள் ஒதுங்கி இடம் தரமாட்டாரா என்று கடைசிவரை ஏழு இதழையும் சுற்றிச் சுற்றி வந்தார். அவர் மாஸ்டரின் கூடப்பிறந்த அக்கா.

அன்றிலிருந்து மாஸ்டருக்கு மீதி என்றாலே ஆகாது. ‘மீதி வரக்கூடாது, மீதி வரக்கூடாது’ என்று கத்திக் கத்தியே ‘மீதி மாஸ்டர்’ என்று பெயர் வாங்கினார். ஷூவில் கயிறு நுழைக்கிற துளைக்குப் பித்தளை வளையம் அடிப்பார்கள் அல்லவா, அதில் கழித்துப் போட்டதை ஒரு பை நிறைய வீட்டுக்கு அள்ளிக்கொண்டு வந்தார். தரையில் பரப்பி, கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். ஒன்றிலிருந்து பத்துவரை எதில் பிரித்தாலும் மிச்சம் வராத எண்களில் ஆகச் சின்னது இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது. மேலிடத்துக்கோ ஐயாயிரத்துக்குக் குறையக் கூடாது. அப்படியே இரட்டித்தார். ஐயாயிரத்து நாற்பது பிறந்தது.

பெற்ற பிள்ளையைக்கூட அப்படிக் கொஞ்சமாட்டார்கள்.

“ஒண்ணுலேர்ந்து ஏழு வரைக்கும் வரிசையா பெருக்கிப் பாரு, இதுதான் வரும்” என்பார் என்னிடம். “சரி, அதை விடு. ஏழுலேர்ந்து பத்து வரைக்கும் மட்டும் பெருக்கு. என்ன வரும் சொல்லு?”

“நீங்களே சொல்லுங்க மாஸ்டர், எனக்கு ஒயர் வேலை இருக்கு.”

“அதுவும் இதேதான்யா!”

சந்தேகப்பட்டு நான் தனியாகப் பெருக்கிப் பார்த்தேன். மனுஷன் சொன்னது சரிதான். மொத்தம் அறுபது எண்கள் அதை மிச்சமில்லாமல் வகுக்கும். ஏழு இதழ் என்றால் இதழுக்கு எழுநூற்றிருபது பேர். எட்டு ஆரச் சக்கரமா, ஆரத்துக்கு அறுநூற்று முப்பது. ஒன்பது நட்சத்திரம் போட்டால் ஒவ்வொன்றிலும் ஐந்நூற்று அறுபது. பதினொன்றோடு மட்டும் அதற்குப் பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டு பேர் மிஞ்சுவார்கள். “பதினோரு இதழ்ல பூ வேணும்னு எவன் கேட்டான்?” என்று அதையும் நியாயப்படுத்திவிடுவார்.

தொடக்கத்திலும் முடிவிலும் பெரிய கட்டம் ஒன்று உண்டு. வரிசைக்கு எழுபது பேர், எழுபத்திரண்டு வரிசை. அதற்காக மைதானத்தில் முன்னாலிருந்து பின்னால்வரை எழுபது சுண்ணாம்புக் கோடுகள் இழுத்திருப்பார்கள். ஒவ்வொரு கோட்டிலும் ஒருவர் பின் ஒருவராக எழுபத்திரண்டு பேர். பார்த்தால் சதுரம் மாதிரித்தான் இருக்கும், ஆனால் சதுரம் இல்லை. அது அவரை உறுத்தியதாகத் தெரியவில்லை. மிச்சம் இல்லையென்றால் அவருக்கு நிம்மதி.

அக்காவுக்கு வருவோம். முதல் வருஷச் சிரிப்புக்குப் பிறகு மாஸ்டர் அவரை மாற்று ஆட்கள் பக்கம் தள்ளிவிட்டார். யாராவது வராவிட்டால் அந்த இடத்தை நிரப்பப் பிரிவுக்கு இரண்டு பேரை வைத்திருப்பார்கள். அவர்களில் கடைசி ஆள் அக்கா. சொந்தக்காரியை முன்னால் விட்டால் பேச்சு வரும் என்பது மாஸ்டர் வெளியே சொல்லும் காரணம். இன்னொரு தடவை அவரை நாலு பேர் பார்த்துச் சிரித்துவிடக் கூடாது என்பது உள்ளே இருந்த காரணம். அக்காவுக்கு இந்த இரண்டும் புரியவில்லை. தம்பி தன்னை ஒதுக்கிவிட்டான் என்பது மட்டும் புரிந்தது.

வருஷா வருஷம் அவர் சீருடையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, மைதானத்தின் பின்மூலையில் குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கம் நிற்பார். எல்லா உருவமும் அவருக்கு மனப்பாடம். யார் எந்த இதழுக்குப் போகவேண்டும் என்று மறந்தவர்களுக்கு அங்கிருந்தே சைகை காட்டுவார். அவருடைய முறை வருவதற்குள் காலியிடங்கள் நிரம்பிவிடும். கொடி அசையும்போது அவர் கால் நின்ற இடத்திலேயே திரும்புவதை நான் மேலேயிருந்து பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. ஒயரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வேன்.

அக்கா ஓய்வு பெறவேண்டிய வருஷம் வந்தது. பாட்டு வரிசையைக் கேட்டுக்கொண்டு வர ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர், அவர் மனைவி, அக்கா, மூன்று பேரும் ஒரே வீடு. கூடத்தில் கால் வைக்க இடமில்லாமல் பித்தளை வளையங்கள் பரப்பிக் கிடந்தன. மாஸ்டர் தரையில் மண்டியிட்டிருந்தார்.

“பாத்து வாங்க. போன வாரம் ஒரு வளையத்தைத் துடைப்பத்தோட தள்ளிட்டேன்னு ரெண்டு நாள் என்கூடப் பேசல” என்றார் மனைவி.

அக்கா ஜன்னலோரம் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னார்: “டேய், இந்த வருஷத்தோட எனக்கு வேலை முடியுது. ஒரே ஒரு தடவை உள்ள நிக்கணும்டா.”

“யாரைக்கா எடுக்கறது?”

“யாரையும் எடுக்காதே. ஒருத்தியைத் தள்ளிட்டு அவ இடத்துல நான் போய் நிக்கணுமா? என்னையும் சேர்த்துக்கோ.”

“சேர்த்தா ஐயாயிரத்து நாற்பத்தொண்ணு ஆயிடும். ரெண்டுல பிரிச்சாலும் ஒண்ணு நிக்கும், மூணுல பிரிச்சாலும் ஒண்ணு நிக்கும். பத்து வரைக்கும் எதுல பிரிச்சாலும் ஒண்ணு தனியா நிக்கும்கா.”

“அந்த ஒண்ணு நான்தான்னு நேரா சொல்லிடேன்.”

மாஸ்டர் குனிந்து வளையங்களை மறுபடி எண்ணத் தொடங்கினார். மனைவி தலையில் அடித்துக்கொண்டார். “அஞ்சாயிரம் பேருக்கு இடம் பாத்துக் கொடுக்கறாராம், கூடப்பொறந்த அக்காவுக்கு ஒரு இடம் பாக்க வக்கில்ல!” நான் பாட்டு வரிசையைக் கேட்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

அந்தப் பேச்சு அவரைத் தைத்துவிட்டது என்பது அடுத்த ஒத்திகையில் தெரிந்தது. கண்ணெல்லாம் சிவந்து, விரல் நுனியெல்லாம் பித்தளைக் கறையோடு வந்தார். ஐயாயிரத்து நாற்பத்தொன்றையும் பிரித்துப் பார்த்தாராம். பதினொன்றில் போகவில்லை, பதின்மூன்றில் போகவில்லை, பதினேழு, பத்தொன்பது எதற்கும் மசியவில்லை.

“எழுபது வரைக்கும் போயிட்டேன்யா. எழுபதுலயும் ஒண்ணு மிஞ்சுது. அது யார் சொல்லையும் கேக்காத எண். என்னத்த பண்றது?”

மைதானத்தில் கோடே எழுபதுதான். அதற்கு மேல் அவர் ஏன் பார்க்கப் போகிறார்? நானும் கேட்கவில்லை. பாவமாகத்தான் இருந்தது.

விழா நெருங்க நெருங்க ஆலையில் காய்ச்சல் பரவியது. படுத்தவர்கள் இடத்துக்கு மாற்று ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். கடைசி ஒத்திகையன்று ஐயாயிரத்து நாற்பது பேர் உள்ளே. வெளியே குழாய்ப் பக்கம் அக்கா ஒருத்தர்தான் பாக்கி.

அன்று ஒத்திகை இழுத்துக்கொண்டே போனது. எல்லா உருவமும் முடிந்து பெரிய கட்டத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். வெள்ளைக் கொடி இறங்கினால் அடுத்த உருவம், சிவப்புக் கொடி ஏறினால் கலையலாம், இரண்டும் இல்லையென்றால் இமைகூட அசையக்கூடாது. இது மாஸ்டர் வைத்த சட்டம். அப்போது பார்த்துச் சாப்பாட்டுச் சங்கு ஊதியது. யாரும் அசையவில்லை, கடைசி வரிசையைத் தவிர.

கடைசி வரிசை எழுபது பேரும் பசைப்பிரிவு. பசைக் கையோடு எதையும் தொடக்கூடாது என்பது அந்தப் பிரிவின் கண்டிப்பு. சங்கு ஊதினால் ஒருவர் பின் ஒருவராக ஆலைக்குள் இருக்கும் தங்கள் தொட்டிக்குப் போய்க் கை கழுவிவிட்டுத்தான் மறுவேலை. வருஷக்கணக்கில் பழகிய கால். கொடியைப் பார்க்கவா போகிறது? மொத்த வரிசையும் அக்கா நின்ற பக்கம் திரும்பி, மேடைப் பக்கமிருந்த ஆலை வாசலை நோக்கிக் கட்டத்தின் ஓரத்தோடு ஒற்றை வரிசையாக முன்னோக்கி நடந்தது. முதல் ஆள் முன்வரிசைக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் மற்ற யாரும் நகரவில்லை என்பது உறைத்தது. அவள் பொம்மை மாதிரி நின்றாள். பின்னால் வந்த அத்தனை பேரும் அவரவர் இருந்த இடத்தில் நின்றார்கள்.

மாஸ்டர் மூச்சை இழுத்தார். ஸ்பீக்கர் கிழியப்போகிறது என்று நான் சத்தத்தைக் குறைத்தேன். கத்தலே வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். மனுஷன் வாயைத் திறந்தபடி பின்மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப எத்தனை வரிசைய்யா இருக்கு?”

“கடைசி வரிசை போயிடுச்சே. எழுபத்தொண்ணு.”

“வரிசைக்கு எத்தனை பேர்?”

“எழுபது பேர் இருந்தாங்க. ஓரத்துல வரிசைக்கு ஒருத்தர் சேர்ந்துட்டாங்க. எழுபத்தொண்ணு. இப்ப கடைசியா நிக்கற வரிசைக்கு மட்டும் ஆள் கிடைக்கல, அந்த மூலை காலி.”

“எழுபத்தொண்ணை எழுபத்தொண்ணால பெருக்கு.”

ஒயர் சுற்றும் அட்டையில் பெருக்கினேன். ஐயாயிரத்து நாற்பத்தொன்று. இன்னொரு தடவை பெருக்கினேன். அதேதான்.

மாஸ்டர் மைக்கை என் கையிலிருந்து பிடுங்கினார். அத்தனை வருஷமும் அதில் அக்காவை ‘மாற்று ஆள்’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அன்றைக்கு மைதானமே கேட்கச் சொன்னார்:

“அக்கா... அந்த மூலையில போய் நில்லுக்கா.”

அக்கா பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரையாவது சொல்கிறாரோ என்று. பிறகு மெதுவாக நடந்து வந்து மூலையில் நின்றார். நாலு பக்கமும் கத்தரித்த மாதிரி ஒரு சதுரம். இந்தப் பக்கம் எழுபத்தொன்று, அந்தப் பக்கம் எழுபத்தொன்று. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, பொய் சொல்வானேன்.

“கோடு எழுபதுதானேன்னு எழுபதோட நிறுத்தித் தொலைச்சேனே! இன்னும் ஒண்ணு பாத்திருந்தா...” என்று மாஸ்டர் நெற்றியில் அறைந்துகொண்டார். ஐயாயிரத்து நாற்பது அறுபது வாசல் உள்ள வீடு. அடுத்த வீடான ஐயாயிரத்து நாற்பத்தொன்றுக்கு ஒரே ஒரு வாசல்தான்; ஒன்றையும் அந்த எண்ணையும் விட்டால் எழுபத்தொன்று மட்டுமே அதை வகுக்கும். அதுவும் தன்னாலேயே தன்னைப் பெருக்கிக்கொண்டு. அன்று சாயங்காலம் எழுபத்தோராவது கோட்டை மாஸ்டரே சுண்ணாம்பு வாளியோடு குனிந்து இழுத்தார். கொஞ்சம் கோணல்தான். யாரும் சொல்லவில்லை.

விழாவுக்கு ஏற்பாடு இதுதான். மற்ற உருவங்கள் நடக்கும்வரை அக்கா வெளியே நிற்பார். கடைசியில் பெரிய கட்டம் சதுரமாக மாறும்போது மூலையில் வந்து நிற்பார். அக்காவுக்கு அதுவே போதும். பொத்தானை மறுபடி அவிழ்த்துத் தைத்தாராம்.

விழா அன்று படிக்கட்டு நிரம்பி வழிந்தது. தொடங்கப்போகிற நேரத்தில் பசைப்பிரிவுப் பெண் ஒருத்தி படியில் கால் பிசகிக் கணுக்கால் வீங்கி உட்கார்ந்துவிட்டாள். கடைசி வரிசையின் கடைசி ஆள். மாற்று ஆட்களில் பாக்கி அக்கா மட்டும். செய்தி வந்ததும் அக்கா நேராக மேடையடிக்கு வந்து அண்ணாந்து கேட்டார்: “எங்கடா நிக்கட்டும்?”

அக்கா வரிசையில் போனால் சதுரத்தின் மூலை காலி. மூலைக்கென்று வெளியே நின்றால் ஐயாயிரத்து முப்பத்தொன்பது பேரோடு பூவும் சக்கரமும் எல்லாம் பல்லிளிக்கும்.

“வரிசைக்குப் போக்கா” என்றார் மாஸ்டர்.

“அப்ப மூலை?”

“அதை நான் பாத்துக்கறேன். நீ போ.”

அக்கா போனார். சக்கரம் சுற்றியது, நட்சத்திரம் மின்னியது. ஏழு இதழ்ப் பூ வந்தபோது மாஸ்டர் வெள்ளைக் கொடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கொடி இறங்கியது. அக்கா ஒரு தயக்கமும் இல்லாமல் போய்த் தன் இதழில் நின்றார். இதழுக்கு எழுநூற்றிருபது, ஒரு ஆள் கூடவுமில்லை, குறையவுமில்லை. படிக்கட்டில் கைத்தட்டல்தான் கேட்டது. மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்று சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

மறுபடி பெரிய கட்டம். எழுபத்திரண்டு வரிசை. இனி கடைசி உருவம். மாஸ்டர் திரும்பி இரண்டு கொடிகளையும் என் கையில் திணித்தார்.

“மாஸ்டர், நான் வேணா மூலையில போய் நிக்கறேன். நீங்க இருங்க” என்றேன் பயத்தில்.

“உனக்கு நேரா நடக்கவே வராது. நான் அங்க போய்ச் சேர்ந்ததும் வெள்ளையை இறக்கு.”

ஏணியில் இறங்கி ஓடினார். ஓட்டப்பந்தயமெல்லாம் எந்தக் காலத்திலோ. இப்போது தொப்பை முன்னால் ஓட அவர் பின்னால் ஓடினார். மைதானத்தைச் சுற்றிக்கொண்டு குழாய்ப் பக்கம் போய், அக்கா வருஷா வருஷம் நின்ற அதே இடத்தில் நின்று கையைத் தூக்கினார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெள்ளைக் கொடியை இறக்கினேன்.

கடைசி வரிசை திரும்பியது. ஒற்றை வரிசையாக எழுபத்தோராவது கோட்டில் ஏறியது. கடைசி ஆளாக அக்கா நின்றார். அவருக்குப் பின்னால் இருந்த மூலையில் மாஸ்டர் வந்து நின்றார். அணிவகுப்பு நடத்தத் தொடங்கியதிலிருந்து அவர் ஒரு தடவைகூட உள்ளே நின்றதில்லை. படிக்கட்டு எழுந்து நின்று தட்டியது.

அங்கே நடந்த பேச்சைப் பசைப்பிரிவு முழுக்க இன்றுவரை நடித்துக் காட்டுகிறது.

அக்கா தலையைத் திருப்பாமல் கேட்டிருக்கிறார்: “யாரது பின்னால?”

“நான்தான்கா.”

“கொடி?”

“மைக் செட்டுக்காரன்கிட்ட.”

அக்கா, “தோளை நேரா வைடா. இப்படியா மூச்சு வாங்குவாங்க? அத்தனை பேரும் பாக்கறாங்க” என்றாராம். அதைச் சொல்லும்போது அக்காவின் குரல் உடைந்திருந்தது என்று பசைப்பிரிவு சொல்கிறது. இதில் அவர்கள் கூட்டிச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

மேலே நான் மட்டும் இருந்தேன். கீழே ஐயாயிரத்து நாற்பத்தொரு பேர் இமை அசையாமல் நின்றார்கள். கலையச் சொல்லும் சிவப்புக் கொடி என் இடது கையில் இருந்தது. விழாப் பொறுப்பாளர் கீழேயிருந்து, “தூக்குய்யா, தூக்கு” என்று கத்தினார். ஸ்பீக்கர் சத்தத்தில் ஒன்றும் கேட்காதவன்போல நான் ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும்.